சேம அச்சும் சேர்வராயன் மலை ஜீப்பும்

புறநானூற்றின் 102ஆம் பாடலை ஔவையார், அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியின்மேல் பாடினார். பாடலின் கருத்து எளியது. உப்பு வணிகரான உமணர் வண்டியில் பெரும்பாரம் ஏற்றியிருக்கிறார்கள். பூட்டியிருக்கும் எருதுகளோ நுகத்துக்குப் பழகாத இளையவை. வழியில் பள்ளத்தில் இறங்க வேண்டியிருக்கும். மேட்டில் ஏற வேண்டியிருக்கும். எங்கே எது முறியும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். அந்தச் சேம அச்சைப் போன்றவன் பொகுட்டெழினி என்கிறார் ஔவையார்.

இப்பாடலைப் பலமுறை படித்திருக்கிறோம். உவமையின் பொருத்தத்தை வியந்திருக்கிறோம். ஆனால் அதிலுள்ள தொழில்நுட்பச் செய்தியை நின்று கவனித்ததில்லை. வாசலில் நிற்கும் வண்டிக்குச் சேம அச்சு தேவையில்லை. வழியை நினைப்பவனுக்குத்தான் அது தேவை. வண்டியைச் செய்வது ஒரு தொழில் என்றால், செய்த வண்டியை வழிக்கு ஏற்றதாக ஆக்கிக்கொள்வது இன்னொரு தொழில். முன்னதற்கு வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. தொழிற்சாலைகளின் பெயர்களும், முதல் வண்டி வெளிவந்த ஆண்டுகளும் நூல்களில் கிடைக்கின்றன. பின்னதற்கு வரலாறு இல்லை. இக்கட்டுரை அந்தப் பின்னதைப் பற்றியது.

அதியமான்களின் தகடூர் இன்றைய தருமபுரி. அதற்குத் தெற்கே, சேலம் நகருக்கு அருகே எழுந்து நிற்கிறது சேர்வராயன் மலைத்தொடர். உமணரின் வண்டி அம்மலையில் ஏறியதாகப் பாடல் சொல்லவில்லை. நாமும் சொல்லப் போவதில்லை. ஆனால் அம்மலையில் நாம் கண்ட ஒரு வண்டி, அந்தப் பாடலை மீண்டும் எடுத்துப் படிக்க வைத்தது.

கொட்டகையில் கண்டது

சேர்வராயன் குகைக் கோயிலைப் பார்ப்பதற்காகத்தான் ஏற்காட்டுக்குப் போயிருந்தோம். கோயிலைப் பார்த்துவிட்டு நாகலூர் வழியில் சென்றபோது, ஒரு காப்பித் தோட்டத்தின் தகரக் கொட்டகையில் பழைய ஜீப் ஒன்று நின்றிருந்தது. தோட்டத்தாரின் இசைவோடு அதை அரைமணி நேரம் சுற்றிப் பார்த்தோம்.

முன்பக்கம் உயர்ந்த மூடியைக் கொண்ட ஸி.ஜே.-3பி வகை. மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது அதற்கு உரிய பெட்ரோல் எஞ்சின் அன்று. பின்னாளில் பொருத்திய டீசல் எஞ்சின். முன் கமானில் பட்டைகள் கூடுதலாக அடுக்கப்பட்டிருந்தன. பின்புறத்தை நீட்டி, இருபுறமும் எதிரெதிராகப் பலகை இருக்கைகள் அமைத்திருந்தார்கள். மேலே மூட்டைகள் வைக்க இரும்புக் குழாய்களால் ஆன சட்டம். பின்னால் ஏறுவதற்குப் பற்றவைத்த படி. சக்கரங்களில் ஆழமான பட்டன் டயர்கள். இருக்கைப் பலகைக்கு அடியில் கம்பியால் கட்டிய நீண்ட இரும்புத் தண்டு ஒன்று கிடந்தது. பின் சக்கரத்தின் மாற்று ஆக்சில் அது. உமணர் கட்டிய அதே பொருள், ஏறக்குறைய அதே இடத்தில்.

கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அந்த ஜீப்பும் ஒரு கோயிலைப் போலவே தோன்றியது. சோழர் காலத்துத் தாங்குதளம், அதன்மேல் பிற்காலச் சுவர், அதற்கு முன்னால் நாயக்கர் காலத்து மண்டபம், அண்மைக் காலத்துத் திருப்பணியில் பூசிய வண்ணம் என்று ஒரே கட்டடத்தில் பல காலங்களைப் பிரித்தறிய நாம் பயின்றிருக்கிறோம். இந்த வண்டியிலும் அப்படி அடுக்கடுக்காகக் காலங்கள் இருந்தன. கல்வெட்டு ஒன்றுதான் இல்லை. ஆகவே அந்த அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க முயன்றோம்.

மலையின் இயல்பு

முதலில் மலை. சேர்வராயன் மலையின் உடல் சார்னோகைட் என்னும் கடினமான பாறை. உச்சிப் பகுதிகளில் அப்பாறை காலப்போக்கில் சிதைந்து செம்மண்ணாகவும் பாக்சைட் படிவமாகவும் ஆகியிருக்கிறது. வெயிலில் இறுகிக் கிடக்கும் இச்செம்மண் மழையில் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். மேலே வழுக்கும் மண், அடியில் கூரிய பாறை முனை என்பதே இம்மலைத் தோட்டப் பாதைகளின் இலக்கணம்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், 20 கொண்டை ஊசி வளைவுகளில், 1,200 மீட்டர் ஏற வேண்டும். கொல்லிமலைப் பாதையின் 70 வளைவுகளோடு ஒப்பிட்டால் இது எளிது எனத் தோன்றலாம். ஆனால் ஏற்காட்டுக்கு வந்து சேர்வதோடு பயணம் முடிந்துவிடுவதில்லை. செம்மநத்தம், நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை, தலைச்சோலை என மலையெங்கும் ஊர்களும், அவற்றுக்கு இடையே காப்பித் தோட்டங்களும் பரவியிருக்கின்றன. வண்டிக்குச் சோதனை தொடங்குவது அந்தக் கிளைவழிகளில்தான்.

காப்பி இம்மலைக்கு வந்தது காக்பர்னின் காலத்தில். 1820 முதல் 1829 வரை சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பியையும் பேரி முதலிய பழ மரங்களையும் நட்டு வளர்த்தார். ஏற்காட்டின் தந்தை என்று அவரைக் குறிப்பிடும் வழக்கம் உண்டு. அவர் காலத்திலும் அதற்குப் பின் நெடுங்காலமும் மேலே ஏறியவர்கள் குதிரையிலோ, ஆட்கள் சுமந்த டோலியிலோ ஏறினார்கள். சரக்கு தலைச்சுமையாகவும் பொதிமாடுகளிலும் இறங்கியது. எச். லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடு 1883இல் வெளிவந்தது, எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸின் மாவட்ட விவரச்சுவடி 1918இல் வந்தது. இம்மலையின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் இவ்விரண்டையும் தவிர்க்க முடியாது. துரைமார்களின் பெயர்கள் அவற்றில் நிறைய உண்டு. டோலி சுமந்த மலையாளிப் பழங்குடி மக்களின் தோள்களுக்குத் தனிப்பெயர் இல்லை. இம்மலையின் போக்குவரத்து வரலாற்றில் பெயரற்றவர்களின் வரிசை அங்கே தொடங்குகிறது.

போரில் பிறந்த வண்டி

ஜீப்பின் கதையை ஒருவாறு அனைவரும் அறிவர். 1940இல் அமெரிக்கப் படைத்துறை, நான்கு சக்கரங்களாலும் உந்தப்படும் சிறிய வண்டி வேண்டும் என்று கேட்டது. பாண்டம் நிறுவனம் முதல் மாதிரியைச் செய்தது. வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் போர்க்காலத்தில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. படைத்துறையின் ஏடுகளில் அதன் பெயர் கால் டன் டிரக். அதாவது கால் டன் சுமைக்கென்று வகுக்கப்பட்ட சிறிய லாரி. இந்தக் கால் டன்னைப் பிறகு நாம் நினைவுகூர வேண்டியிருக்கும்.

அவ்வளவாகப் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. போர் முடிந்ததும் 1945இல் வில்லிஸ் வெளியிட்ட ஸி.ஜே.-2ஏ என்னும் குடிமக்கள் ஜீப், போர் ஜீப்புக்கு வண்ணம் மாற்றிப் பூசியது அன்று; அதுவே ஒரு மாற்றியமைப்பு. போர் வண்டியில் மிகத் தாழ்ந்த கியரில் எஞ்சின் ஏறத்தாழ 25 முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலும். உழவருக்கான வண்டியில் அதற்கு 36 சுற்றுகளுக்கு மேல் வேண்டும். வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டினார்கள். எஞ்சினின் சுழற்சியை வெளியே எடுத்து அரவை, மரம் அறுத்தல், நீர் இறைத்தல் போன்ற பணிகளுக்குப் பயன்படுத்தவும் வழி வைத்தார்கள். தன்னை மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தே பிறந்த வண்டி அது.

இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் பம்பாயில், பிரித்துக் கொண்டுவந்த வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டிக் கொடுக்கத் தொடங்கியது. பின்னர் ஸி.ஜே.-3பி வகையை இங்கேயே செய்யும் உரிமையைப் பெற்றது. புதிய எஞ்சினின் தலைப்பகுதி உயரமாக இருந்ததால் அதன் மூடியையும் உயர்த்த வேண்டியிருந்தது. அந்த உயர்ந்த நெற்றியே அதன் அடையாளம். அமெரிக்காவில் 1968இல் அவ்வகை நின்றது. அதன் வழிவந்த வண்டிகள் இந்தியாவில் அதற்குப் பிறகும் பல்லாண்டுகள் உருவாகிக்கொண்டே இருந்தன.

கொட்டகை ஜீப்பின் முதல் அடுக்கு இதுதான். அமெரிக்க வடிவம், பம்பாய்க் கைவினை. மற்ற அடுக்குகள் எல்லாம் தமிழகப் பட்டறைகளைச் சேர்ந்தவை.

மலை கேட்டவை

மலை ஒரு வண்டியிடம் என்ன கேட்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், பட்டறைக்காரர் என்ன செய்தார் என்பது விளங்கும்.

முதலாவது, மூச்சு. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினின் வலுவும் அதே அளவில் குறையும். பெட்ரோல் எஞ்சினின் கார்புரேட்டர் சமவெளிக்கென்று அமைக்கப்பட்டது. மேலே அது காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலைக் கொடுக்கும். வண்டி கரும்புகை கக்கித் திணறும். மலையிலேயே ஓடும் வண்டிக்குச் சிறிய துளையுள்ள ஜெட்டைப் பொருத்துவதும், ஏறியிறங்கும் வண்டிக்குக் கலவையைத் திருகிச் சரிசெய்துகொள்வதும் இதனால்தான். தண்ணீரும் அங்கே 95 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். தாழ்ந்த கியரில் முனகிக்கொண்டு ஏறும் வண்டிக்குக் காற்றோட்டமும் குறைவு. ரேடியேட்டரைப் பெரிதாக்குவதும், வளைவுகளில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவதும் அன்றாடக் காட்சிகளாக இருந்தன.

இரண்டாவது, இழுவை. டீசல் எஞ்சின் குறைந்த சுற்றிலேயே நல்ல இழுவையைத் தரும். மழையிலும் பனியிலும் நனைந்து மக்கர் செய்யும் தீப்பொறி அமைப்பு அதில் இல்லை. எரிபொருட் செலவும் குறைவு. 1950களில் சென்னை சிம்ப்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் வகை டீசல் எஞ்சின்களைச் செய்யத் தொடங்கியது. 1970களில் மகிந்திராவே டிராக்டர் எஞ்சினை அடியொற்றிய டீசல் எஞ்சினை ஜீப்பில் வைத்தது. 1980களில் பெழோ எஞ்சினோடு எம்.எம். 540 வந்தது. அதே காலத்தில் மட்டடோர் வேனில் வந்த மெர்சிடிஸ் வகை எஞ்சின் பட்டறைகளின் செல்லப்பிள்ளை ஆயிற்று. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்தும் தொழில் தமிழகமெங்கும் பரவியது.

அது சொல்வதுபோல் எளிதன்று. ஓர் எஞ்சினின் பின்முகம் மற்றொன்றின் கியர்ப் பெட்டியோடு பொருந்தாது. நடுவே தடித்த இரும்புத் தகட்டைக் கடைந்து, இரு பக்கத் துளைகளையும் மயிரிழை பிசகாமல் ஒன்றுபடுத்த வேண்டும். தண்டுகளின் மையம் சிறிது விலகினாலும் கிளட்சும் பேரிங்கும் சில மாதங்களில் போய்விடும். டீசல் எஞ்சின் கனமானது; ஆகவே முன் கமானில் பட்டை சேர்க்க வேண்டும். பட்டை கூடினால் வண்டி விறைக்கும், திசைதிருப்பி உதைக்கும். எஞ்சினின் அதிர்வைத் தாங்க அடிச்சட்டத்தில் புதிய தாங்கிகளைப் பற்றவைக்க வேண்டும். ஒன்றை மாற்றினால் ஒன்பதை மாற்ற வேண்டும் என்பது அத்தொழிலின் பாலபாடம். வரைபடம் இல்லை, கணக்கேடு இல்லை. கடைசல் இயந்திரத்தின் முன் நின்ற கைக்கும் கண்ணுக்கும் மட்டுமே அது தெரிந்திருந்தது.

மூன்றாவது, நிற்பது. ஏறுவதைக் காட்டிலும் நிற்பதும் இறங்குவதுமே மலையில் கடினம். பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் கைபிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர்ப் பெட்டிக்குப் பின்னாலுள்ள சுழல்தண்டைப் பிடிக்கிறது. பின் ஆக்சில் முறிந்துவிட்டால், கைபிரேக்கை எவ்வளவு இறுக்கினாலும் வண்டி சரிவில் உருளும். இதனால்தான் மலை வண்டிகளில் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டை எப்போதும் இருக்கும். வண்டி நின்றவுடன் குதித்துக் கட்டை போடுவது கிளீனரின் முதற்கடமை. மாற்று ஆக்சிலைக் கட்டிவைப்பதும் இதே அச்சத்தின் விளைவு. எந்தத் தொழிற்சாலையும் வண்டியோடு கொடுக்காத இவ்விரு பொருள்களும் மலைக்காரனின் அனுபவம் சேர்த்தவை.

நான்காவது, சுமை. காப்பி பறிக்கும் காலம் நவம்பரில் தொடங்கிக் குளிர்காலம் முழுவதும் நீளும். பறித்த பழத்தை அன்றே கொண்டுவந்து தோல் நீக்க வேண்டும். வைத்திருந்தால் புளித்துக் கெடும். ஆகவே ஜீப் தோட்டத்தின் சரக்கு வண்டி. அதுவே ஆட்களைக் கொண்டுவரும் வண்டி, சந்தைக்குப் போகும் வண்டி, பள்ளிக்கூட வண்டி. 108 ஆம்புலன்ஸ் சேவை தமிழகத்தில் 2008இல் வந்தது. அதற்கு முன் மலை ஊர்களில் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் மருத்துவமனைக்குப் போன வண்டியும் பெரும்பாலும் ஜீப்தான். எதிரெதிர்ப் பலகைகளும், நீட்டிய பின்புறமும், மேற்சட்டமும், பின்படியும் இந்தத் தேவைகளின் வடிவங்கள். நம் கொட்டகை ஜீப்பின் பலகை ஒன்றைத் தூக்கிச் சாய்த்தால், ஒருவர் கால் நீட்டிப் படுக்கும் இடம் கிடைக்கும். அது தற்செயலாக அமைந்ததன்று.

அடிவாரத்துப் பட்டறைகள்

இத்தனை வேலைகளையும் செய்த கைகள் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு விடை, மலையின் காலடியில் இருக்கிறது. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு ஆகிய ஊர்கள் லாரித் தொழிலுக்கு இந்தியா முழுவதும் பெயர் பெற்றவை. 1997இல் நாமக்கல் மாவட்டம் தனியே பிரியும்வரை இவை அனைத்தும் சேலம் மாவட்டத்தில் இருந்தன.

இந்தியாவில் நெடுங்காலம் லாரி என்பது முழுமையாக விற்கப்படவில்லை. எண்ணூரில் அசோக் லேலண்டும் ஜாம்ஷெட்பூரில் டாட்டாவும் செய்து அனுப்பியவை பெரும்பாலும் எஞ்சினும் முகப்பும் சக்கரங்களும் கொண்ட அடிச்சட்டங்கள்தாம். கூண்டும் இல்லாமல் கூரையும் இல்லாமல், தற்காலிக இருக்கையில் அமர்ந்து, வெயிலிலும் மழையிலும் அவற்றை ஓட்டிக்கொண்டு வருவார்கள். பாடி கட்டும் பட்டறையில்தான் அது லாரியாகும். மரத் தச்சர், கொல்லர், பற்றவைப்பவர், கமான் பட்டறைக்காரர், வண்ணம் பூசுபவர் எனப் பலரின் கைகள் அதில் படும். எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம், எத்தனை பட்டை என்பதையெல்லாம் வண்டி போகப்போகும் வழியையும் ஏற்றப்போகும் சரக்கையும் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். மலைவழிப் பேருந்துகளின் உடல் குட்டையாக இருப்பதும் அந்தக் கேள்வியின் விடையே. நீண்ட பேருந்து கொண்டை ஊசியில் ஒரே வீச்சில் திரும்பாது.

சேர்வராயன் மலையே இப்பட்டறைகளுக்குக் கடினமான பாடம் ஒன்றைக் கற்பித்தது. மேட்டூரில் 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் நிறுவனத்துக்கு இம்மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் லாரிகளில் இறங்கியது. 2008இல் மேட்டூரில் அலுமினிய உற்பத்தி நின்றது. காலி லாரி மேலே ஏறும். பாரம் நிறைந்த லாரி கீழே இறங்கும். வழக்கமான மலைச் சரக்குப் போக்குவரத்துக்கு இது நேர்மாறு. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் காய்ந்து பிடிப்பு போய்விடும். ஏறும் கியரிலேயே இறங்கு என்பது மலை ஓட்டுநர்களின் வேதவாக்கு. டீசல் எஞ்சினுக்குத் தானே வண்டியை இழுத்துப் பிடிக்கும் ஆற்றல் குறைவு. ஆதலால் புகைக்குழாயை இடையில் அடைத்து எஞ்சினையே பிரேக்காக ஆக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இத்தகைய வழிகளில் உயிர் காக்கும் கருவி.

திருச்செங்கோட்டின் ரிக் லாரிகளும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. கடினப் பாறையில் சம்மட்டியே துளைக்குள் இறங்கி அடிக்கும் துளைப்பான்களை, 1960களின் இறுதியில் வறட்சிக் காலத்தில் யூனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அந்தத் தொழிலை வட இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் எடுத்துச் சென்றவர்கள் திருச்செங்கோட்டார். கோபுரம்போன்ற இரும்புத் தூணையும் காற்றழுத்தியையும் சுமந்துகொண்டு, சாலையே இல்லாத உழுத வயலுக்குள் இறங்கி நிற்கும் அந்த லாரி, வழிக்காக வண்டியை மாற்றும் தொழிலின் உச்சம் எனலாம்.

சட்டத்தின் கேள்வி

இதுவரை எழுதியதைப் படிப்பவர்கள் நாம் இம்மாற்றங்களைக் கொண்டாடுவதாக எண்ணக்கூடும். கதையின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்.

கால் டன் என்று படைத்துறை வகுத்த வண்டியின் வழித்தோன்றலில் 15 பேர் ஏறினால், தலைக்கு 60 கிலோ என்று கொண்டாலும் சுமை 900 கிலோ. அடிச்சட்டத்தை நீட்டிய பின் வந்த வகைகளுக்கு இது ஓரளவு பொருந்தலாம். பழைய குட்டை ஜீப்புக்குப் பொருந்தாது. மேற்சட்டத்தில் மூட்டைகளை அடுக்கினால் வண்டியின் ஈர்ப்பு மையம் உயரும். குறுகிய வளைவில், வழுக்கும் செம்மண்ணில், உயர்ந்த மையமுள்ள குட்டை வண்டி கவிழ்வதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. மலைச்சாலைகளில் கவிழ்ந்த வண்டிகளின் செய்திகளை நாளிதழ்களில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். ஏழ்மையும் சாலையின்மையும் திணித்த மாற்றங்களுள் சில, உயிர்களையும் விலையாகக் கேட்டன.

சட்டம் இதைப் பார்க்காமல் இல்லை. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுபவர் பதிவு அதிகாரியிடம் தெரிவித்து ஒப்புதல் பெறவேண்டும். ஒப்புதல் பெற்ற மாற்றம் ஆர்.சி. புத்தகத்தில் ஏறும். பெட்ரோல் என்பது அடிக்கப்பட்டு டீசல் என்று எழுதப்படும், எஞ்சின் எண் மாறும், முத்திரை விழும். 1988ஆம் ஆண்டின் சட்டத்தில் 52ஆம் பிரிவு இதைத் தொடர்ந்தது. 2000இல் அப்பிரிவு திருத்தப்பட்டு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி எந்த வண்டியையும் மாற்றக்கூடாது என்பது பொதுவிதி ஆயிற்று. 2017 டிசம்பரில் முன்னால் பொருத்தும் இரும்புக் காப்புச் சட்டங்களை நீக்குமாறு மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், 52ஆம் பிரிவின் பொதுவிதியை உறுதி செய்தது. அவ்வாண்டின் திருத்தச் சட்டம், முறையற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்றது.

சட்டத்தின் நோக்கத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் வரலாற்று நோக்கில் ஒரு பெரிய மாற்றம் நேர்ந்திருப்பதைக் காணவேண்டும். வண்டி எப்படி இருக்கவேண்டும் என்பதில் வழியை அறிந்தவனுக்கும் ஒரு குரல் இருந்தது. இன்று அந்தக் குரல் உற்பத்தியாளரிடம் மட்டுமே இருக்கிறது. 2010இலும், புதிய வடிவில் 2020இலும் வந்த தார் போன்ற வண்டிகள் தொழிற்சாலையிலேயே மலைக்கென்று ஆயத்தமாகி வருகின்றன. அவற்றை மேலும் உயர்த்தி, மின்சுருளியும் மூச்சுக்குழாயும் பொருத்தி விடுமுறையில் மலையேறும் ஆர்வலர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாற்றியமைத்தல் ஒரு விருப்பம். நாகலூருக்கும் செம்மநத்தத்துக்கும் அது விருப்பமாக இருந்ததில்லை. பேருந்து வராத ஊருக்குத் தன் கையால் ஒரு பேருந்தைச் செய்துகொண்ட செயல் அது. இவ்விரண்டும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். வரலாற்றின் கண்ணில் அப்படி இருக்கக்கூடாது.

அழியும் செப்பேடு

இனி நாம் அஞ்சுவது என்னவென்று சொல்லிவிடுகிறோம்.

கொட்டகை ஜீப்பில் கல்வெட்டு இல்லை என்று எழுதினோம். உண்மையில் அதற்கு ஒரு செப்பேடு உண்டு. அதன் பழைய ஆர்.சி. புத்தகமே அது. யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, எந்த ஆண்டில் எஞ்சின் மாறியது, எப்போது வண்ணம் மாறியது, எத்தனை இருக்கைகள் என எல்லாம் அதில் கையெழுத்தோடும் முத்திரையோடும் இருக்கும். ஒரு தானச் செப்பேட்டைப் படிப்பதுபோல் அதைப் படிக்கலாம். ஆனால் வண்டி அழிக்கப்படும்போது அந்தச் சான்றை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். வண்டியோடு அதன் வரலாறும் போய்விடுகிறது. 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் முதல் முடிவுக்கு வந்துவிட்டது. தனியார் வண்டிகளைத் தாமாகவே முன்வந்து கழிவுக்குக் கொடுக்க 2021இன் கொள்கை ஊக்கமளிக்கிறது. மலைக் கொட்டகைகளில் நிற்கும் பழைய ஜீப்புகள் ஒவ்வொன்றாக இரும்பு விலைக்குப் போகின்றன. புகை கக்கும் பழைய வண்டி ஓடியே தீரவேண்டும் என்று நாம் வாதாடவில்லை. போவதற்கு முன் அதைப் படியெடுத்து வைக்கவேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

வண்டியைவிட விரைவாக அழிவது மனிதரின் நினைவு. எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவே அந்த இரும்புத் தகட்டைக் கடைந்தவர் யார்? சேலத்தில் எந்தத் தெருவில் அவர் பட்டறை இருந்தது? யாரிடம் தொழில் கற்றார்? எத்தனை பட்டை சேர்த்தால் எவ்வளவு சுமை தாங்கும் என்பதை எந்தக் கணக்கால் அறிந்தார்? தோட்டத்தில் விசாரித்தோம். பழைய முதலாளி காலத்து வேலை, சேலத்தில் செய்தது என்பதற்கு மேல் எவருக்கும் தெரியவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய பெருந்தச்சனின் பெயர் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று அக்கோயிலின் கல்வெட்டிலேயே கிடைக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கைவினைஞரின் பெயர் கிடைக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய கைவினைஞரின் பெயர் கிடைக்கவில்லை. இது காலத்தின் குற்றமன்று. அதை வரலாறு என்று நாம் கருதாததன் குற்றம்.

கோயில்களைத் தேடிப் பயணம் செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை மலைக்குச் செல்லும்போது, வழியில் நிற்கும் பழைய ஜீப்பையோ லாரியையோ சற்று நின்று பாருங்கள். உரியவரின் இசைவோடு படமெடுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மாற்றங்களின் ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அடிவாரத்துப் பட்டறைகளில் முதியவர் எவரேனும் இருந்தால் அவரோடு ஒரு மாலைப் பொழுதைச் செலவிடுங்கள். ஔவையாரின் கண்ணில் பட்டதால் உமணரின் சேம அச்சு இரண்டாயிரம் ஆண்டுகளாக நம்மிடம் இருக்கிறது. சேர்வராயன் மலை ஜீப்பின் பலகைக்கு அடியில் கம்பியால் கட்டிக் கிடக்கும் அந்த இரும்புத் தண்டையும் எவரேனும் எழுதி வைக்கவேண்டும் அல்லவா?